ஸ்டீயரிங் இறுகினால் உடனே பாக்ஸை மாற்ற வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பத்து வயது தாண்டிய தன் பிக்கப் வண்டியில் ஸ்டீயரிங் இறுகிவிட்டது, திருப்பும்போது சத்தமும் வருகிறது என்று உங்கள் வாகனப் பகுதியில் ஒரு வாசகர் கேட்டிருந்தார். ஸ்டீயரிங் பாக்ஸ் தேய்ந்திருக்கும், மாற்றிவிடுங்கள், அதுவரை ஆயில் குறைந்தால் ஊற்றிக்கொண்டு ஓட்டுங்கள் என்று இரண்டு வரியில் பதில் தரப்பட்டிருந்தது. லோடு வண்டிகளின் முன்பக்க வேலையையே தொழிலாகச் செய்யும் எங்களுக்கு இந்தப் பதில் சரியாகப் படவில்லை. ஸ்டீயரிங் வேலையில் ஆகப் பெரிய செலவு பாக்ஸ்தான். ஆனால் இறுக்கத்துக்குக் காரணமாக இருப்பது பெரும்பாலும் டயர் காற்று, பெல்ட், ஆயில், பால் ஜாயிண்ட் (உருண்டை மூட்டு), கிங் பின் (முன் சக்கரம் எதைச் சுற்றித் திரும்புகிறதோ அந்தத் தண்டு), ஸ்டீயரிங் ராடில் உள்ள யூ.ஜே. கிராஸ் (ராடு மடங்கித் திரும்ப உதவும் சிலுவை வடிவ மூட்டு) ஆகியவைதான். இவற்றைப் பார்க்காமல் பாக்ஸை மாற்றினால் புதுப் பாக்ஸிலும் அதே இறுக்கம் இருக்கும். பம்பு தேய்ந்து உதிர்ந்த தூள் ஆயிலில் இருந்தால் புதுப் பாக்ஸும் சீக்கிரமே கெட்டுப்போகும்.

பொலீரோ பிக்கப், டாடா 207 போன்ற வண்டிகளில் ஆயில் அழுத்தத்தில் இயங்கும் பவர் ஸ்டீயரிங் உள்ளவற்றை வைத்தே இதை எழுதுகிறோம். என்ஜின் பெல்ட் பம்பைச் சுற்றுகிறது. பம்பு ஆயிலை அழுத்தத்தோடு பாக்ஸுக்கு அனுப்புகிறது. பாக்ஸின் வால்வு, ஓட்டுநர் திருப்பும் பக்கத்துக்கு அந்த அழுத்தத்தைத் திருப்பிவிடுகிறது. பாக்ஸிலிருந்து இறங்கும் டிராப் ஆர்ம், லிங்க் ராடு, டை ராடு வழியாகச் சக்கரம் திரும்புகிறது. ஆகவே இறுக்கம் ஆயில் பக்கத்திலும் இருக்கலாம், இரும்புப் பக்கத்திலும் இருக்கலாம். முதலில் தெரிய வேண்டியது எந்தப் பக்கம் என்பதுதான்.

வண்டியைத் தூக்குவதற்கு முன்பே ஓட்டுநரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளக் கூடியவை நிறைய உண்டு. வண்டி சூடேறிய பிறகு, ஐடிலில் (ஆக்ஸிலேட்டரை மிதிக்காமல் என்ஜின் ஓடும்போது) மட்டும் இறுக்கமாக இருந்து, கொஞ்சம் ரேஸ் கொடுத்ததும் இலகுவாகிறதா? பம்பு தேய்ந்திருக்கலாம், அல்லது பெல்ட் வழுக்கலாம். காலையில் முதல் பத்து நிமிடம் மட்டும் இறுக்கமா? யாரோ கெட்டியான ஆயில் எதையோ ஊற்றியிருக்க வாய்ப்பு உண்டு. இடப்பக்கம் இலகு, வலப்பக்கம் மட்டும் கனம் என்றால் பாக்ஸின் உள்ளே வால்வையோ சீலையோ சந்தேகப்படலாம். ஸ்டீயரிங்கை ஒரு முழுச் சுற்றுச் சுற்றும்போது இரண்டே இடத்தில் பிடித்துப் பிடித்து விட்டால் அது யூ.ஜே. கிராஸ். துருப்பிடித்த கிராஸ் ஒரு சுற்றுக்கு இரு முறை இறுகும், வேறெந்தப் பாகமும் இவ்வளவு கணக்காக இறுகாது. வளைவில் திரும்பிய பின் ஸ்டீயரிங் தானாக நேருக்கு வராமல், ஓட்டுநர் இழுத்துத்தான் கொண்டுவர வேண்டியிருக்கிறது என்றால் பால் ஜாயிண்டோ கிங் பின்னோ காய்ந்திருக்கிறது. அல்லது பிளே (சக்கரம் திரும்பாமல் ஸ்டீயரிங் மட்டும் ஆடும் தளர்வு) எடுக்கிறேன் என்று பாக்ஸை யாரோ அளவுக்கு மேல் இறுக்கியிருக்கிறார்கள்.

அடுத்தது காற்று. கதவோரத் தகட்டில் எழுதியிருக்கும் அளவைப் பார்த்து முன் டயர் இரண்டையும் சரிசெய்யுங்கள். ஐந்தாறு பவுண்டு குறைந்தாலே நின்ற இடத்தில் திருப்புவது தெரிகிற அளவுக்குக் கனக்கும். அளவுக்கு மீறி அகலமான டயர் போட்ட வண்டிக்காரர், ஸ்டீயரிங் இறுகிவிட்டது என்று வந்தால் நாங்கள் டயரைத்தான் காட்டுவோம்.

பெல்ட்டைப் பார்க்க என்ஜின் நிற்க வேண்டும். இரண்டு புல்லிக்கு நடுவில் கட்டைவிரலால் நன்றாக அழுத்தினால் சுமார் 10 மி.மீ. இறங்கலாம். அதைவிட அதிகம் இறங்கினால் தளர்வு. பெல்ட்டின் பக்கவாட்டைத் திருப்பிப் பாருங்கள். கண்ணாடிபோல மினுமினுத்தால் அது வழுக்கிச் சூடேறிய பெல்ட். அதை எவ்வளவு இறுக்கினாலும் பிடிக்காது, மாற்றத்தான் வேண்டும். இறுக்கத்திலும் நிதானம் தேவை. அளவு மீறினால் பம்பின் பேரிங் போய்விடும், பிறகு அது தனியாக ஒரு சத்தம் கொடுக்கும்.

இனி இரும்புப் பக்கம். எங்கள் வேலையில் பாதிக் குழப்பம் தீர்வது இந்த இடத்தில்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம். பின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி இரண்டு பக்கமும் ஸ்டாண்டில் நிறுத்துங்கள், ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே போக வேண்டாம். என்ஜினை நிறுத்தி, ஸ்டீயரிங் லாக்கை விடுவித்து, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை மெதுவாகச் சுற்றுங்கள். பாக்ஸுக்குள் ஆயில் இடம் மாறுவதால் ஒரே சீரான சிறு எதிர்ப்பு இருக்கத்தான் செய்யும், அது இயல்பு. ஆனால் சக்கரம் தரையில் இல்லாதபோதும் முக்கித் திருப்ப வேண்டியிருந்தால், அல்லது நடுவில் எங்காவது பிடித்தால், கோளாறு இரும்புப் பக்கத்தில் இருக்கிறது. பம்பைத் தொட வேண்டாம்.

அதன் பிறகு டிராப் ஆர்மிலிருந்து லிங்க் ராடைக் கழற்றுங்கள். இப்போது இரண்டும் தனித்தனி. முன் சக்கரத்தைக் கையால் பிடித்து இடமும் வலமும் தள்ளிப் பாருங்கள். நல்ல முன்பக்கம் என்றால் ஒரு கையாலேயே திரும்பும். இறுகினால் பால் ஜாயிண்ட், கிங் பின், டை ராடு எண்டு (டை ராடின் முனையில் உள்ள ஜாயிண்ட்) இவற்றில் ஒன்று. சக்கரம் இலகுவாகத் திரும்பி ஸ்டீயரிங் மட்டும் இறுகினால் அடுத்து பாக்ஸுக்கு மேலே இருக்கும் யூ.ஜே. ராடைப் பாக்ஸிலிருந்து உருவிவிட்டு ஸ்டீயரிங்கைச் சுற்றுங்கள். அப்போதும் இறுக்கம் என்றால் ஸ்டீயரிங் காலம் (ஸ்டீயரிங்கிலிருந்து கீழே இறங்கும் தண்டு) பேரிங் அல்லது கிராஸ். இப்போது இலகு என்றால்தான் பாக்ஸை நோக்கி விரலை நீட்ட முடியும். ராடை உருவுவதற்கு முன் ராடிலும் பாக்ஸ் ஷாஃப்டிலும் ஒரே நேரில் சென்டர் பஞ்ச் கருவியால் ஒரு புள்ளி அடித்துக்கொள்ளுங்கள். டிராப் ஆர்மைக் கழற்ற நேர்ந்தால் அதற்கும் அப்படியே. இல்லாவிட்டால் வேலை முடிந்த பிறகு ஸ்டீயரிங் கோணலாக நிற்கும். சக்கரம் இணைக்காத நிலையில் பாக்ஸை வேகமாகச் சுற்றிக் கோடியில் இடிக்கவும் கூடாது, உள்ளே குண்டுகள் ஓடும் பாதை அடிபடும்.

டிராப் ஆர்மைக் கழற்றப் புல்லர் (இழுத்துக் கழற்றும் கருவி) வேண்டும். சம்மட்டியால் அடித்துக் கழற்றுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்த அடி நேராக பாக்ஸின் ஷாஃப்டுக்கும் பேரிங்குக்கும் போகிறது, நல்ல பாக்ஸ் கெடுவது அப்படித்தான். டை ராடு எண்டுக்கும் ரப்பரைக் கிழிக்கும் கவட்டைக் கருவி தேவையில்லை. நட்டைச் சில மரை மட்டும் தளர்த்திவிட்டு, எண்டு உட்கார்ந்திருக்கும் கண்ணின் ஒரு பக்கத்தில் கனமான சுத்தியைத் தாங்கக் கொடுத்து, எதிர்ப்பக்கம் இன்னொரு சுத்தியால் இரண்டு அடி அடித்தால் தானாகக் கழன்று விழும்.

கிங் பின் உள்ள வண்டிகளில் கிரீஸ் அடிப்பதிலும் ஒரு தவறு பரவலாக நடக்கிறது. வண்டி சக்கரத்தில் நிற்கும்போது நிப்பிளில் கிரீஸ் கன்னை வைத்து அடிக்கிறார்கள். அப்போது எடை முழுவதும் கிங் பின்னில் எடையைத் தாங்கும் த்ரஸ்ட் பேரிங்கின் மேல் உட்கார்ந்திருக்கும், கிரீஸ் போக வேண்டிய இடத்துக்குப் போகாது. அச்சைத் தூக்கி, சக்கரத்தைத் திருப்பித் திருப்பி அடிக்க வேண்டும். பழைய கறுப்பு கிரீஸ் வெளியே வந்து, புது நிறம் தெரியும்வரை நிறுத்தக் கூடாது. நிப்பிள் அடைத்திருந்தால் அதைக் கழற்றி மாற்றுங்கள், சிறு காசு. புது நிப்பிள் போட்டும் கிரீஸ் ஏறவில்லை என்றால் பின்னையும் புஷ்ஷையும் கழற்றத்தான் வேண்டும். அழுத்தித் தண்ணீர் பீய்ச்சும் வாட்டர் சர்வீஸுக்குப் பிறகு கிரீஸ் அடிக்காமல் வண்டியை விடுவதும் ஜாயிண்ட் துருப்பிடிக்க ஒரு காரணம். கடலோரத்தில் ஓடும் மீன் வண்டிகளுக்கு இது இரண்டு மடங்கு பொருந்தும்.

பால் ஜாயிண்ட் காய்ந்திருக்கிறதா என்று கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. ஒருவர் ஸ்டீயரிங்கை மெதுவாகத் திருப்ப, இன்னொருவர் ஒவ்வொரு ஜாயிண்டின் மேலும் உள்ளங்கையை வைத்துக்கொண்டே வர வேண்டும். நல்ல ஜாயிண்டில் கைக்கு ஒன்றும் தெரியாது. காய்ந்ததில் நறநறவென்று மணல் அரைபடுவது உள்ளங்கையில் ஏறும். ரப்பர் கிழிந்த ஜாயிண்டில் பெரும்பாலும் இதுதான் நிலை. கிழிந்த ரப்பருக்குள் கிரீஸைத் திணித்து டேப் சுற்றி அனுப்புவது வேலையல்ல. உள்ளே போன மணல் அங்கேயேதான் இருக்கும்.

யூ.ஜே. கிராஸ் துருப்பிடித்திருந்தால் துரு நீக்கும் ஸ்பிரே அடித்து, முன்னும் பின்னும் அசைத்தால் அன்றைக்கு விட்டுக்கொடுக்கும். சில வாரத்தில் மறுபடி இறுகும். அது காரணத்தை உறுதிசெய்யும் சோதனை மட்டுமே, மருந்து அல்ல. கிராஸையோ ராடையோ மாற்றுவதே சரி.

ஆயில் பக்கத்துக்கு வருவோம். உங்கள் பதிலில் எங்களை அதிகம் உறுத்தியது "ஆயில் ஊற்றிக்கொள்ளுங்கள்" என்ற சொல்தான், எந்த ஆயில் என்று அதில் இல்லை. பவர் ஸ்டீயரிங் ஆயில் டேங்கின் மூடியிலோ வண்டியோடு வரும் புத்தகத்திலோ ஆயில் வகை எழுதியிருக்கும். பல வண்டிகளில் அது சிவப்பு நிற ஏ.டி.எஃப். (ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸுக்கான ஆயில்). கைக்குக் கிடைத்தது என்று பிரேக் ஆயில் ஊற்றியவர்களைப் பார்க்கிறோம். பவர் ஸ்டீயரிங் சீல்கள் பிரேக் ஆயிலுக்காகச் செய்த ரப்பர் அல்ல. அவை ஊறி, உப்பி, மெத்தென்று ஆகி, பம்பும் பாக்ஸும் ஒன்றாக ஒழுக ஆரம்பிக்கும். அப்படி ஊற்றிவிட்டால் என்ஜினை ஸ்டார்ட் செய்யாமலே முழுவதையும் வடித்துக் கழுவ வேண்டும். ஓட்டியிருந்தால் சீல் அனைத்தும் மாற்ற வேண்டியதுதான். டீசல் ஊற்றிக் கழுவுவதும் கூடாது. பம்புக்கு உயவு கொடுப்பதே அந்த ஆயில்தான், டீசலில் சுற்றினால் உள்ளே தகடுகள் உராய்ந்து தேயும்.

டேங்கிலிருந்து கொஞ்சம் ஆயிலை விரலில் தொட்டு வெயிலில் பாருங்கள். சிவப்பு கறுத்து, தீய்ந்த வாடை வந்தால் ஆயில் வெந்துவிட்டது. வெள்ளி போல் மின்னும் துகள் இருந்தால் பம்பு உள்ளே தேய்கிறது. நுரைத்து இளஞ்சிவப்புப் பால் போல இருந்தால் காற்றோ தண்ணீரோ கலந்திருக்கிறது.

திருப்பும்போது "உய்ங்ங்" என்று அழுகிற சத்தம், என்ஜின் வேகத்தோடு ஏறி இறங்கினால் அது பெரும்பாலும் காற்று. டேங்கிலிருந்து பம்புக்கு வரும் உறிஞ்சு குழாயைப் பாருங்கள். பலர் ஏமாறுவது இதில்தான். அந்தக் குழாயில் விரிசலோ கிளிப் தளர்வோ இருந்தால் ஆயில் வெளியே ஒழுக வேண்டும் என்று நினைக்கிறார்கள். ஆனால் பம்பு இழுக்கும்போது அந்த வழியாகக் காற்று உள்ளே போகும், ஒரு சொட்டுகூட வெளியே வராமலே இருக்கலாம். ரப்பரை விரலால் மடித்தால் வெடிப்பு தெரியும். டேங்கின் அடியில் இருக்கும் வலை அடைத்திருந்தாலும் பம்பு இதே குரலில்தான் அழும், அதனால் ஆயில் மாற்றும்போது டேங்கைக் கழற்றிக் கழுவுங்கள். சாதாரணத் தண்ணீர்க் குழாயை வெட்டிப் போடாதீர்கள், ஆயிலில் ஊறி உட்பக்கம் உரிந்து, அந்தத் துண்டே அடைப்பாகும். அழுத்தக் குழாயில் கிளிப் போட்டு ஒட்டுப்போடுவது அதைவிட மோசம். என்ஜின் சூட்டுக்குப் பக்கத்தில் அழுத்தத்தோடு ஆயில் பீய்ச்சினால் தீப்பிடிக்கும்.

மற்ற சத்தங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கோடிவரை திருப்பும்போது கீச்சென்று கத்தினால் பெல்ட். கோடியில் பிடிக்கும்போது மட்டும் வரும் மெல்லிய "ஸ்ஸ்" இயல்பானது, அதற்காக எதையும் கழற்றாதீர்கள். ஆனால் கோடியில் ஐந்து நொடிக்கு மேல் பிடித்து நிற்கக் கூடாது, அந்த நேரத்தில் பம்பு முழு அழுத்தத்தில் வெந்துகொண்டிருக்கும். மெதுவாகத் திரும்பும்போது "டக்" என்று ஒரே தட்டு விழுந்தால் டை ராடு எண்டு, ஐட்லர் ஆர்ம் (டிராப் ஆர்முக்கு எதிர்ப்பக்கம் ராடைத் தாங்கும் கை) புஷ், அல்லது பாக்ஸைச் சேஸிஸில் பிடிக்கும் போல்ட். ஒருவர் ஸ்டீயரிங்கைச் சிறிதாக ஆட்ட, இன்னொருவர் கீழே பார்த்தால் எங்கே முந்திப் பிந்தி அசைகிறது என்று கண்ணில் படும். கேபினுக்குள்ளேயே ரப்பர் தேய்க்கும் சத்தம் என்றால் தரையில் காலம் நுழையும் இடத்து ரப்பர், கொஞ்சம் சிலிக்கான் கிரீஸ் போதும். பம்பு பேரிங்கைச் சோதிக்க நீண்ட ஸ்க்ரூ டிரைவரின் முனையைப் பம்பின் உடலில் வைத்துக் கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்கலாம். தோளில் துண்டு போட்டுக்கொண்டு இதைச் செய்ய வேண்டாம், பெல்ட் இழுத்துக்கொள்ளும்.

ஆயில் மாற்றும் முறை இது. சிறு பிக்கப்புக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர் பிடிக்கும், கழுவுவதற்கும் சேர்த்து இரண்டு லிட்டர் வாங்குங்கள். முன்பக்கத்தைத் தூக்கி நிறுத்தி, டேங்குக்குத் திரும்பி வரும் குழாயைக் கழற்றி ஒரு பாட்டிலில் விடுங்கள், டேங்கில் அந்தத் துவாரத்தை அடையுங்கள். என்ஜின் ஓடாமலே ஸ்டீயரிங்கைக் கோடிக்குக் கோடி சுற்றினால் பழைய ஆயில் வெளியே தள்ளப்படும். டேங்க் காலியாகாதபடி ஒருவர் புது ஆயில் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். சுத்தமான நிறம் வந்ததும் குழாயை மாட்டி, டேங்கை நிரப்பி, இன்னும் என்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் 15, 20 முறை கோடிக்குக் கோடி மெதுவாகச் சுற்றுங்கள். குமிழி வருவது நின்ற பிறகே ஸ்டார்ட் செய்து, ஐடிலில், கோடியில் பிடிக்காமல் சுற்றிப் பாருங்கள். நுரை தெரிந்தால் நிறுத்தி அரை மணி நேரம் விட்டுவிடுங்கள், காற்று தானாக மேலே ஏறும். அவசரப்பட்டு ரேஸ் கொடுத்தால் காற்று நுண்குமிழியாக ஆயிலில் கலந்துவிடும், பிறகு ஒரு நாள் முழுவதும் சத்தம் போகாது.

இவ்வளவும் சரியாக இருந்தும் இறுக்கம் தீரவில்லை என்றால்தான் பம்பா பாக்ஸா என்ற கேள்வி வருகிறது. அதற்குக் கேஜ் இருக்கிறது. பம்புக்கும் பாக்ஸுக்கும் நடுவில் வால்வோடு கூடிய அழுத்தக் கேஜை மாட்டி, ஆயில் சூடான பிறகு, ஐடிலில் வால்வை மூட வேண்டும், ஐந்து நொடிக்கு மேல் மூடக் கூடாது. அந்தப் பம்புக்குச் சொல்லப்பட்ட உச்ச அழுத்தத்தை முள் தொட்டால் பம்பு நன்றாக இருக்கிறது. பிறகு வால்வைத் திறந்துவிட்டு, ஸ்டீயரிங்கை ஒவ்வொரு கோடியிலும் பிடித்துப் பாருங்கள். அதே அழுத்தம் வராமல் குறைந்தால் பாக்ஸ் உள்ளே கசிகிறது. நாமக்கல், சங்ககிரி போன்ற லாரி ஊர்களில் இந்தக் கேஜ் உள்ள பட்டறைகள் உண்டு. கேஜ் போடாமல் பாக்ஸ் போய்விட்டது என்று சொல்பவர் அனுமானத்தைத்தான் சொல்கிறார்.

பாக்ஸ் என்று உறுதியானாலும் முதலில் சீல் கிட் போட முடியுமா என்று பாருங்கள். டிராப் ஆர்ம் மாட்டும் ஷாஃப்டில் சீல் உட்காரும் இடத்தை நகத்தால் வருடுங்கள். நகம் மாட்டுகிற குழி இருந்தால் எந்தச் சீல் போட்டாலும் ஒழுகும். வழவழப்பாக இருந்தால் நுண்ணிய எமரியால் துடைத்து, ஷாஃப்டின் பற்களின் மேல் டேப் சுற்றி, ஆயில் தடவிச் சீலை ஏற்ற வேண்டும். டேப் சுற்றாமல் ஏற்றினால் பல் முனை சீலின் உதட்டை அங்கேயே அறுத்துவிடும்.

பாக்ஸின் மேலே இருக்கும் அட்ஜஸ்ட் ஸ்க்ரூவைப் பற்றி ஒரு வார்த்தை. பிளே அதிகம் என்றதும் அதைத்தான் திருகுகிறார்கள். பிளே பெரும்பாலும் எண்டிலும் ஜாயிண்டிலும் இருக்கும், அவற்றை மாற்றிய பிறகே ஸ்க்ரூவைத் தொட வேண்டும். லிங்கைக் கழற்றி, பாக்ஸைச் சரியாக நடுவில் வைத்து, எட்டில் ஒரு சுற்றாகக் கூட்டி, ஒவ்வொரு முறையும் சுற்றிப் பார்க்க வேண்டும். நடுவைக் கடக்கும்போது இறுகிப் பிடித்தால் அதிகமாகிவிட்டது என்று பொருள். அப்படியே விட்டால் ஸ்டீயரிங் நேருக்குத் திரும்பாது, பற்களும் அரைபடும்.

1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 98-ஆவது விதி, ஸ்டீயரிங்கில் பிளே 30 டிகிரியைத் தாண்டக் கூடாது, பால் ஜாயிண்டுகளுக்கு ரப்பர் மூடி இருக்க வேண்டும், இணைப்பு போல்ட்டுகள் கழலாதபடி பூட்டப்பட்டிருக்க வேண்டும் என்கிறது. எட்டு ஆண்டு கடந்த சரக்கு வண்டிகள் ஆண்டுதோறும் எஃப்.சி.க்கு (தகுதிச் சான்று சோதனைக்கு) போகின்றன. அதற்கு முன் பெயிண்டுக்கும் ஒளிரும் ஸ்டிக்கருக்கும் செலவழிக்கும் நேரத்தில் இந்த மூன்றையும் பார்த்துவிடலாம். நட்டு கழலாமல் பூட்டும் கோட்டர் பின்னை ஒருமுறை கழற்றினால் புதிதுதான் போட வேண்டும். ஓட்டை நேராக வரவில்லை என்றால் நட்டைத் தளர்த்தாதீர்கள், அடுத்த ஓட்டைவரை இறுக்குங்கள்.

வேலை முடிந்ததும் வீல் அலைன்மென்ட் பார்க்க வேண்டும். பட்டை (ஸ்பிரிங் பிளேட்டு) மாற்றிய பிறகு இறுக்கம் வந்த வண்டியில் அச்சுக்கும் பட்டைக்கும் இடையில் உள்ள கேஸ்டர் ஆப்பு திருப்பி வைக்கப்பட்டிருக்கிறதா என்றும் கவனியுங்கள். கேஸ்டர், அதாவது சக்கரம் திரும்பும் அச்சு பின்பக்கம் சாயும் கோணம், கூடினால் ஸ்டீயரிங் கனக்கும், அதற்கு எந்த ஆயிலும் உதவாது. வேலைக்கு முன்னும் பின்னும் ஸ்பிரிங் தராசை ஸ்டீயரிங் விளிம்பில் மாட்டி இழுத்து, இடம் எவ்வளவு, வலம் எவ்வளவு என்று குறித்துக்கொள்வது நல்லது. மெக்கானிக் சொல்வதும் ஓட்டுநர் சொல்வதும் வேறுபடும்போது தராசு தகராறைத் தீர்த்துவிடும். கழற்றிய பழைய பாகத்தையும் உரிமையாளர் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும். காட்டத் தயங்குகிற பட்டறையில் பாக்ஸ் மாற்ற ஒப்புக்கொள்ளாதீர்கள்.

இப்படிக்கு,
லோடு வண்டி முன்பக்க வேலை செய்யும் மெக்கானிக்குகள் சிலர்,
சேலம்.